படத்தில் சிவக்கும் கண்கள்

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், குழந்தைக்கு ஆண்டு நிறைவு என்றால் ஊருக்குப் படம் அனுப்புவது நெடுநாள் வழக்கம். பாட்டியும் தாத்தாவும் இரண்டு நாள் ரயில் பயணம் செய்து வர இயலாத குறையை அந்தப் படம் ஓரளவு தீர்த்துவைக்கிறது. முன்னாளில் அது தபாலுறையில் சென்றது. இன்று கைப்பேசி வழியே நொடிப்பொழுதில் செல்கிறது. அவ்வாறு சென்ற படத்தில், பட்டுச் சட்டையும் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டுமாகச் சிரிக்கும் குழந்தையின் இரு கண்களும் கனல் துண்டுகளைப்போல் சிவந்திருந்தால் பாட்டியின் மனம் என்ன பாடுபடும்? “கண் பட்டுவிட்டது, உடனே சுற்றிப் போடு” என்று சொல்லி அனுப்புவாள். பேரனோ சிரித்துக்கொண்டே ஒரு பொத்தானைத் தொட்டுச் சிவப்பை நீக்கிப் படத்தை மறுபடி அனுப்பிவைப்பான். இப்போது பல காமிராக்களில் அந்தப் பொத்தானுக்கும் வேலையில்லை. படம் நம் கண்ணில் படுவதற்கு முன்பே காமிரா தானாகச் சிவப்பைக் கறுப்பாக்கிவிடுகிறது.

இந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது, காமிரா அதை எவ்வாறு கண்டுபிடித்துத் திருத்துகிறது, அப்படித் திருத்துவது எல்லாக் காலத்தும் நன்மைதானா என்னும் மூன்று கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டும் அறிவுக்கு விருந்து. மூன்றாவதோ, வீட்டில் சிறு குழந்தை உள்ளவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

கண்ணின் நடுவே கறுப்பாகத் தோன்றும் வட்டத்தை நாம் பாவை என்றும் கண்மணி என்றும் கூறுகிறோம். பிறர் கண்ணை அருகிலிருந்து உற்றுநோக்கினால் நம் உருவம் அங்கே சிறு பொம்மையாகத் தெரிகிறது. பாவை என்னும் சொல்லுக்குப் பொம்மை என்ற பொருளும் இருப்பதைக் காண்க. லத்தீன் மொழியிலும் இதே உறுப்புக்குச் சிறு பொம்மை என்று பொருள்படும் பெயரே வழங்கியது. எங்கோ இருந்த இரு மக்கள் ஒரே காட்சியைக் கண்டு ஒரே பெயரை இட்டிருக்கிறார்கள்! அது நிற்க. அந்தக் கறுப்பு உண்மையில் ஒரு நிறமன்று. அது ஒரு துவாரம். பகல் வேளையில் தெருவிலிருந்து பார்த்தால் எதிர்வீட்டின் திறந்த சன்னல் இருண்டு தோன்றுவதைப்போல, வெளிச்சம் உள்ளே செல்லும் வழி நமக்கு இருட்டாகத் தெரிகிறது.

ஆயினும் உள்ளே சென்ற ஒளி முழுவதும் அங்கேயே தங்கிவிடுவதில்லை. அதன் ஒரு பகுதி விழித்திரையைக் கடந்து, அதற்குப் பின்னே இரத்தம் நிறைந்து கிடக்கும் நாளப் படலத்தில் பட்டுத் திரும்புகிறது. இரத்தத்தில் தோய்ந்து வருவதால் அது சிவந்து வருகிறது. கண்ணின் வில்லையோ, ஒளி எவ்வழியே நுழைந்ததோ ஏறக்குறைய அவ்வழியே அதைத் திருப்பி அனுப்பும் இயல்புடையது. ஆகவே அந்தச் சிவப்பொளி புறப்பட்ட விளக்கை நோக்கியே மீண்டு செல்கிறது. அதைக் காண வேண்டுமானால் நம் கண்ணும் அந்த விளக்கு இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். நம் தலையை அங்கே கொண்டுபோனால் விளக்கை மறைத்துவிடுகிறோம்! இந்தச் சிக்கலை ஆராய்ந்து, கண்ணாடித் தகடுகளைச் சாய்த்து வைத்து, விளக்கின் ஒளியைக் கண்ணுக்குள் செலுத்தியபடியே அதன் வழியே பார்க்கவும் வகை செய்தவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர். 1851-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட அக்கருவியின் வழிவந்ததைத்தான் இன்றும் கண் மருத்துவர் கையில் பிடித்து நம் கண்ணுக்கு அருகே குனிகிறார்.

பிளாஷ் விளக்குடன் கூடிய சிறு காமிரா, அறியாமலே ஹெல்ம்ஹோல்ட்ஸின் வேலையைச் செய்துவிடுகிறது. விளக்கும் வில்லையும் ஒன்றை ஒன்று ஒட்டி அமைந்திருப்பதால், கண்ணிலிருந்து மீளும் ஒளி விளக்கைத் தேடி வந்து வில்லைக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. இரண்டுக்கும் இடையே போதிய தூரம் இருந்தால் இது நேராது. ஆள் நிற்கும் தூரத்தில் ஒவ்வோர் இரண்டு அடிக்கும் ஓர் அங்குலம் வீதம் விளக்கை விலக்கி வைக்க வேண்டும் என்பது படம் பிடிப்போர் வைத்திருந்த ஒரு கணக்கு. பத்து அடி தூரத்தில் நிற்பவரைச் சிவப்பின்றிப் படம் பிடிக்க ஐந்து அங்குல இடைவெளி வேண்டும். சட்டைப்பைக் காமிராவில் ஐந்து அங்குலத்துக்கு எங்கே போவது? கைப்பேசியிலோ இடைவெளி அரை அங்குலம் இருந்தாலே பெரிது.

நம் பாட்டனார் காலத்து ஸ்டூடியோப் படங்களில் இக்குறை காணப்படாததன் காரணமும் இதுவே. அங்கே விளக்குகள் பக்கவாட்டில் தனித்தனிக் கால்களில் நின்றன. படமும் கறுப்பு வெள்ளை. 1965-ஆம் ஆண்டில் பிளாஷ்கியூப் என்னும் சிறு கனசதுர விளக்கைக் காமிராவின் தலையிலேயே செருகும் வழக்கம் வந்தபோதுதான் வண்ணப் படங்களில் செங்கண்கள் பெருகின. விளக்கைச் சற்று உயரத் தூக்கிப் பிடிக்க ஒரு குச்சி போன்ற இணைப்பைச் செய்து விற்கவும் நேர்ந்தது.

தூரத்தோடு இருட்டும் சேர்ந்துகொள்கிறது. நல்ல வெயிலில் பாவையின் குறுக்களவு 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். மங்கிய அறையில் 7 மில்லிமீட்டர் வரை விரியும். பிளாஷ் மின்னி மறையும் நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. பாவை சுருங்கத் தொடங்குவதற்கோ ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். கதவைச் சாத்துவதற்குள் விருந்தாளி உள்ளே வந்து திரும்பியும் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு மாற்றாக, படம் எடுப்பதற்கு முன்பே சில முறை ஒளியைச் சிமிட்டிப் பாவையைச் சுருங்கச் செய்யும் முறையைக் காமிராக்களில் அமைத்தார்கள். அதனால் சிவப்பு ஓரளவு குறைந்தது. ஆனால் முதற் சிமிட்டலைக் கண்டதுமே படம் எடுத்தாயிற்று என்று எண்ணிச் சித்தப்பா நகர்ந்துவிடுவார். குழந்தை கண்ணை மூடிக்கொள்ளும். கல்யாண வீடுகளில் இந்த வேடிக்கையைக் கண்டிராதவர் இலர்.

கண்ணில் நிறமி மிகுந்த நம் நாட்டவரிடம் இந்தச் சிவப்பு வெளிர்நிறக் கண்ணுடைய ஐரோப்பியரிடம் காண்பதுபோல் அத்தனை பளிச்சென்று தோன்றாது. செம்பழுப்பாகவும் மங்கிய ஆரஞ்சாகவும் தோன்றுவதே மிகுதி. பூனையின் கதை வேறு. அதன் விழித்திரைக்குப் பின்னே கண்ணாடிபோன்ற ஒரு தனிப் படலம் இருப்பதால் அதன் கண் படத்தில் பச்சையாகவோ மஞ்சளாகவோ ஒளிர்கிறது.

இனி, காமிரா தானாகவே திருத்தும் வித்தைக்கு வருவோம். டிஜிட்டல் படம் என்பது இலட்சக்கணக்கான சிறு புள்ளிகளின் தொகுதி. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. நமக்கு முகமாகத் தெரிவது கருவிக்கு எண்களின் வரிசையே. எனவே முதற்கண் முகம் எங்கே இருக்கிறது என்று அது தேட வேண்டும். 2001-ஆம் ஆண்டில் பால் வயோலா, மைக்கேல் ஜோன்ஸ் என்னும் இருவர் இதற்கு விரைவான வழியொன்றை வெளியிட்டனர். கண்கள் உள்ள பட்டை கன்னங்களைவிட இருண்டிருக்கும், மூக்கின் தண்டு இருபுறக் கண்களையும்விட வெளுத்திருக்கும் என்பன போன்ற ஒளி நிழல் வேறுபாடுகளைக் கட்டம் கட்டமாகக் கூட்டிக் கழித்துப் பார்ப்பது அம்முறை. சிறு காமிராவுக்குள்ளேயே முகத்தைக் கண்டறிவது இதனால் கைகூடிற்று.

முகம் அகப்பட்டதும் அதனுள் சிவந்த புள்ளிகளைத் தேடுதல். ஒரு புள்ளி எவ்வளவு சிவப்பு என்பதற்கு 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுரை ஒன்றில் ஓர் எளிய கணக்கு உண்டு. சிவப்பு எண்ணின் வர்க்கத்தை எடுத்து, பச்சை, நீலம் ஆகியவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையோடு 14 சேர்த்து அதனால் வகுக்க வேண்டும். செங்கண்ணின் ஒரு புள்ளி 200, 50, 60 என்றிருந்தால் விடை ஆறரைக்கு மேல் வருகிறது. கன்னத்துத் தோல் 200, 140, 110 என்றிருந்தால் ஒன்றேகாலுக்குச் சற்று மேல்தான் வருகிறது. இரண்டிலும் சிவப்பு எண் 200-ஆகவே இருந்தும் கணக்கு அவற்றைப் பிரித்துவிட்டது!

இந்தக் கணக்கு ஏமாறும் இடங்களும் உண்டு. குங்குமப் பொட்டும், மூக்குத்தியின் சிவப்புக் கல்லும், தாம்பூலம் தரித்த உதடும் அதற்குச் செங்கண்ணைப் போன்றே தோன்றும். ஆகவே அகப்பட்ட புள்ளிக்கூட்டம் வட்டமாக உள்ளதா, இணையாக மற்றொன்று உள்ளதா, முகத்தின் அளவுக்கு ஏற்ற அளவினதா, நடுவே விளக்கின் வெண்சுடர் தெரிகிறதா என்றெல்லாம் அது சோதிக்க வேண்டும். இச்சோதனை சரிவர அமையாத கருவியில் சுமங்கலியின் நெற்றிப் பொட்டு கறுத்துப்போகவும் கூடும். கடுஞ்சிவப்பை மட்டும் எதிர்பார்த்து அமைத்த கருவியோ, நம்மவர் கண்ணின் மங்கிய செம்பழுப்பைக் காணாமலே விட்டுவிடலாம்.

கண்டுபிடித்தபின் திருத்துவது மிக எளிது. சிவப்பு எண்ணை நீக்கிவிட்டு, பச்சைக்கும் நீலத்துக்கும் சராசரி எதுவோ அதை அவ்விடத்தில் இடுகிறது. மேலே கண்ட 200, 50, 60 என்னும் புள்ளி 55, 50, 60 ஆகிறது. அதாவது ஏறக்குறையக் கறுப்பு. பாவையின் நடுவே மின்னும் வெண்சுடரின் புள்ளி 250, 245, 240 என்றிருந்தால், சராசரியை இட்டபின்னும் அது வெண்மையாகவே நிற்கிறது. அந்தச் சுடரும் போய்விட்டால் முகம் உயிரற்றுப்போகும் என்பதை ஓவியர்கள் அறிவார்கள். ஒரே கணக்கு சிவப்பை அழித்துச் சுடரைக் காத்துவிடுகிறது. இதை நினைக்குந்தோறும் நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

மூன்றாவது கேள்வி இங்கேதான் பிறக்கிறது. சிவப்பு, கண்ணின் உள்ளிருந்து வரும் செய்தி என்று பார்த்தோம். பாவை தெளிவாக இருக்கிறது, வில்லையில் மறைப்பு இல்லை, ஒளி உள்ளே சென்று இரத்தம் நிறைந்த படலத்தைத் தொட்டுத் திரும்பியிருக்கிறது என்பதே அச்செய்தி. பிறந்த குழந்தையின் கண்ணில் மருத்துவர் கருவியால் ஒளி பாய்ச்சிப் பார்ப்பதும் இந்தச் சிவப்பு இரு கண்களிலும் ஒன்றுபோல் வருகிறதா என்பதற்காகத்தான். அவ்வாறாயின், சிவக்க வேண்டிய கண் சிவக்காமல் வெள்ளையாக ஒளிர்ந்தால்?

அப்படி நேர்வதுண்டு. பிறவிக் கண்புரை அதற்கு ஒரு காரணம். அதனினும் கொடியது ரெட்டினோபிளாஸ்டோமா எனப்படும் விழித்திரைப் புற்றுநோய். ஏறத்தாழ 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தோன்றுவது. உள்ளே வளரும் வெண்ணிறக் கட்டி ஒளியை வெள்ளையாகவே திருப்பி அனுப்புகிறது. குழந்தைக்கு நோவு தெரியாது, சொல்லவும் தெரியாது. பகல் வெளிச்சத்தில் பாவை சுருங்கியிருப்பதால் தாய்க்கும் தெரியாது. மங்கிய அறையில் பாவை விரிந்திருக்கும்போது எடுத்த பிளாஷ் படத்தில்தான் முதன்முதலாக அந்த வெண்மை தலைகாட்டுவது வழக்கம். காலத்தில் கண்டால் உயிரையும், பல வேளைகளில் கண்ணையும் காப்பாற்றலாம். தாமதித்தால் கண் போகும். மூளை வரை பரவினால் உயிரும் போகும்.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்திலுள்ள பெய்லர் பல்கலைக்கழகத்தில் பிரையன் ஷா என்னும் இரசாயனப் பேராசிரியரின் மகனுக்கு இந்நோய் வந்தது. சந்தேகத்தை முதலில் எழுப்பியது குழந்தையின் தாய் எடுத்த படங்கள். பின்னர் தந்தை பழைய படங்களையெல்லாம் தேடியெடுத்துப் பார்த்தார். குழந்தை பிறந்த 12-ஆம் நாள் எடுத்த படத்திலேயே வெண்மை இருந்தது! அதைக் கண்ட தகப்பன் மனம் எப்படி இருந்திருக்கும் என்று நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவர் தம் கலையைக்கொண்டு அந்த வெண்மையை அளக்கத் தொடங்கினார். 2013-இல் ஆய்வுரை வெளிவந்தது. வீட்டுப் படங்களில் வெள்ளைக் கண்ணைத் தேடிக் காட்டும் கைப்பேசிச் செயலி ஒன்றையும் கணினி அறிஞர்களோடு சேர்ந்து அமைத்தார். 40 குழந்தைகளின் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் அதைச் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுள் கண் நோயுற்றிருந்த குழந்தைகளில் நூற்றுக்கு 80 பேருக்கு, மருத்துவர் நோயைக் கண்டறிந்த நாளுக்குச் சராசரியாக 1.3 ஆண்டு முன்பே எடுத்த படங்களில் அச்செயலி வெண்மையைக் கண்டது. ஓராண்டுக்கு மேலாக அந்தப் படங்கள் ஆல்பத்தில் வாளாவிருந்தன!

அப்படியானால் காமிராவின் தானியங்கித் திருத்தம் இந்த வெண்மையையும் அழித்துவிடுமா? நாம் மேலே பார்த்த எளிய கணக்கு அழிக்காது. வெண்சுடரை விட்டுவைப்பதுபோலவே வெண்பாவையையும் அது விட்டுவைக்கும். ஆனால் பிற்காலத்துத் திருத்தங்கள் சில, பொன்னிறத்தையும் வெண்மையையும்கூடப் பிளாஷினால் வந்த குறையென்றே கருதி மாற்ற வல்லவை. முன்கூட்டிச் சிமிட்டும் முறையோ பாவையைச் சுருக்கி, உள்ளிருந்து வரும் ஒளியையே குறைத்துவிடுகிறது. எளிய கணக்கிலும் ஓர் இழப்பு உண்டு. மாறுகண் தொடக்கத்திலோ, ஒரு கண்ணுக்கு மட்டும் பார்வைக்குறை மிகுந்திருக்கும்போதோ, இரு கண்களின் சிவப்பும் ஒன்றுபோல் இராது. ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று மங்கியும் இருக்கும். திருத்தம் இரண்டையும் ஒரே கறுப்பாக்கிவிடுகிறது. 200-உம் 120-உம் கணக்கில் வேறு வேறு எண்கள். திருத்தியபின் இரண்டும் இருட்டு. அந்த வேறுபாட்டில்தான் செய்தி இருந்தது.

இதற்காக யாரும் படத்துக்குப் படம் அஞ்சி நடுங்க வேண்டுவதில்லை. ஒரே ஒரு படத்தில் ஒரு கண் வெளுத்திருந்தால் அது நோய் என்று முடிவு கட்டலாகாது. குழந்தை காமிராவை நேரே நோக்காமல் ஏறத்தாழ 15 பாகை விலகிப் பார்த்தால், பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் வெளிறிய வட்டத்தில் ஒளி பட்டு வெண்மையாகத் திரும்புவது இயல்பு. அதே கண் படத்துக்குப் படம் வெளுத்துத் தோன்றினால் காலந்தாழ்த்தக் கூடாது. தெளிவாக நேரே பார்க்கும் ஒரு படத்தில் வெண்மை கண்டாலும் அவ்வாறே. கண் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். பெரும்பாலும் ஒன்றுமில்லை என்றே அவர் சொல்லக்கூடும். சொல்லட்டுமே, அதைக் கேட்டுவருவதற்கு அரை நாள் செலவானால் என்ன?

ஆகவே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் நாம் செய்யத்தக்கது இதுதான். திங்களுக்கு ஒருமுறை, மாலை வேளையில் அறை விளக்கைச் சற்று மங்கச் செய்து, காமிராவிலோ கைப்பேசியிலோ பிளாஷை இயக்கி, செங்கண் நீக்கும் அமைப்பையும் முன்சிமிட்டலையும் நிறுத்திவைத்து, பத்துப் பன்னிரண்டு அடி தூரத்திலிருந்து குழந்தை நேரே பார்க்கும்படி இரண்டு மூன்று படங்கள் எடுக்கலாம். சில கைப்பேசிகளில் இந்தத் திருத்தத்தை நிறுத்தவே வழியில்லை. அத்தகைய வீட்டில் பரணில் கிடக்கும் பழைய டிஜிட்டல் காமிரா பயன்படும். இரு கண்களும் ஒன்றுபோல் சிவந்திருந்தால் மகிழ்ச்சி. ஊருக்கு அனுப்பும் பிரதியில் வேண்டுமானால் பாட்டிக்காகச் சிவப்பை நீக்கிக்கொள்ளுங்கள். மூலப் படத்தை மட்டும் அப்படியே வைத்திருங்கள்.

ஐயம் எழுந்தால் அருகிலுள்ள கண் மருத்துவரே போதும். தேவைப்பட்டால் அவர் பெரிய நிலையத்துக்கு அனுப்புவார். தில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம், ஹைதராபாத்தில் எல். வி. பிரசாத் கண் மருத்துவ நிலையம், சென்னையில் சங்கர நேத்ராலயா, மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை ஆகியவை இந்நோய்க்குச் சிகிச்சை அளிப்பவை. அயல் மாநிலத்தில் இருக்கும் நமக்கு, மருத்துவரிடம் இந்தியிலோ வங்காளியிலோ நோயின் நுட்பத்தை எடுத்துரைப்பது அரிதாக இருக்கலாம். படத்தை நீட்டினால் போதும். செய்தி அனுப்பும் செயலிகளின் வழியே சுற்றிவந்த பிரதி சுருங்கி மங்கியிருக்கும். ஆதலால் எடுத்த கருவியிலேயே உள்ள மூலப் படத்தைக் காட்டுக. அது எந்த நாளில், எத்தனை மணிக்கு எடுத்தது என்பதும் அந்தக் கோப்பிலேயே பதிந்திருக்கும்.